மூன்றாம் நம்பர் வெள்ளை

என் வீட்டுக்காரர் பல் செய்கிறவர். வைத்தியர் இல்லை. வைத்தியர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். இவர் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து அதை மெழுகில் வடித்து, பல்லாக்கித் திருப்பி அனுப்புவார். முப்பத்தோரு வருடமாக இதே வேலை. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். "அந்த அம்மாவுக்கு மேல் வரிசையில ரெண்டு நம்ம கை வேலை" என்று என் காதில் சொல்லுவார். எனக்கு மானம் போகும்.

சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு நிற அட்டை இருக்கும். வரிசையாகப் பதினாறு மாதிரிப் பற்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெள்ளை. வெள்ளை என்றால் ஒரே நிறம் என்று நம்பி இவருக்குக் கழுத்தை நீட்டியவள் நான். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது அந்த அட்டையைச் சுவரில் வைத்துப் பார்த்து, பெயிண்டரை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை அந்த ஆள் வரவே இல்லை. பாதிச் சுவர் இன்னும் பழைய நிறத்தில்தான் இருக்கிறது.

போன வருடம் என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, மகளின் பிரசவத்துக்காக வெளியூர் கிளம்பினார். ஏழு மாதம் அங்கேதான். போகிற வழியில் ஒரு ஆர்க்கிட் தொட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். நாத்தனாரின் கணவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அவர் கையால் வாங்கிக் கொடுத்த செடி இது என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் தொட மாட்டோம்.

"வாரத்துக்கு ஒரு தடவை தொட்டியைத் தண்ணியில முக்கி எடுத்து, நல்லா வடிய விடு. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் பண்ணாதேடா" என்று தம்பியிடம் சொன்னார்.

ஒன்றும் பண்ணாமல் இருப்பது இவருக்கு வராத கலை. செடியின் நடுவில் இலைகள் சேருகிற இடத்தில் தூசி படிகிறது என்று கண்டுபிடித்தார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அழுக்கு சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அரை மணி நேரம் விளக்கினார். பட்டறையிலிருந்து ஒரு சிரிஞ்சைக் கொண்டுவந்து, தினமும் காலையில் அந்தக் குருத்துக்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. பூ பளிச்சென்று இருந்தது. "மூணாம் நம்பர் வெள்ளை. லேசா மஞ்சள் ஓடுது பாரு" என்று அட்டையை இதழ் பக்கத்தில் பிடித்துக் காட்டினார்.

ஆறாம் மாதம் செடியின் அடியில், தண்டை ஒட்டி, இரண்டு குட்டி இலை எட்டிப் பார்த்தது. இவர் தரையில் கால் பாவாமல் நடந்தார். எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். வைத்தியரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். அங்கே நாத்தனாருக்குப் பேரன் பிறந்தான், இங்கே இவர் பிரசவம் பார்த்த மாதிரி திரிந்தார். அக்காவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. வாழையில் பக்கக்கன்றைப் பிரித்து வைப்பதுபோல் இதையும் பிரித்து, ஒன்றுக்கு இரண்டு தொட்டியாக நீட்ட வேண்டும் என்பது திட்டம்.

நாத்தனார் வருவதற்குப் பத்து நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, மெழுகு சீவுகிற கத்தியால் குட்டியை அறுத்தார். சுத்தமான அறுப்பு. குட்டி கையோடு வந்தது. அதற்கு ஒரு வேர்கூட இல்லை.

"என்னங்க, வேரைக் காணோம்?"

அவர் தாய்ச்செடியைத் திருப்பினார். நடு இலை அவர் விரலோடு வந்துவிட்டது, இழுக்காமலே. உள்ளே குருத்து இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாகக் கூழ் மாதிரி இருந்தது, நாற்றமும் அடித்தது. மேலே அதே செடியில் ஐந்து பூவும் ஒன்றும் நடக்காத மாதிரி பூத்திருந்தன.

பூத்தண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு செடிக்கடைக்கு ஓடினோம். நடந்ததைக் கேட்ட கடைக்கார அம்மா ஒரு வார்த்தைகூட மெதுவாகச் சொல்லவில்லை. "குருத்துல தண்ணி நின்னா அழுகிடும் சார். அழுகினதாலதான் அடியில குட்டியே விட்டிருக்கு. அது தாயோட வேர்ல உயிரோட இருந்துச்சு, அதையும் அறுத்துட்டீங்களே."

முப்பத்தோரு வருடத்தில் ஒரு பல் இவர் கையில் உடைந்ததில்லை. கடை வாசலில் பேயறைந்த மாதிரி நின்றார். ஆறு மாதமாகத் தினமும் காலையில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எனக்கும்தான்.

வேறு செடி வாங்கி அதே தொட்டியில் வைத்துவிடலாம் என்று சொன்னது நான். அதை மறைக்கப் போவதில்லை. "வாயில இருக்கிற பல்லையே மாத்தி வைக்கிறீங்க, பக்கத்துல படுக்கிறவங்களுக்கே தெரியறதில்ல. இது ஒரு செடி." அவர் சட்டைப் பையிலிருந்து நிற அட்டையை எடுத்தார். கடையில் இருந்த அத்தனை வெள்ளை ஆர்க்கிட்டுகளுக்கும் பக்கத்தில் எங்கள் பூவையும் அட்டையையும் பிடித்துப் பார்த்து, மஞ்சள் ஓடுகிற ஒன்றைக் கண்டுபிடித்தார். அச்சு அசல். எனக்கே பயமாக இருந்தது.

வேரில்லாத குட்டியை ஈரப் பாசியில் பொதிந்து ஒரு கண்ணாடி டம்ளரில் வைத்தார். குருத்து போன பழைய கட்டையை ஒரு பாலிதீன் பையில் போட்டு, சமையலறையில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் தள்ளினார். எதையும் தூக்கிப் போடாத மனிதர்.

நாத்தனார் வந்தார். பேரன் படத்தைக் காட்டினார், தண்ணீர் குடித்தார், பிறகு ஜன்னலோரம் இருந்த தொட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கே" என்றார்.

இவருக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் டம்ளரைக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தார். "அது உன் செடி இல்லக்கா. உன்னுதை நான் கொன்னுட்டேன். இதுதான் மிச்சம்."

"தெரியும்டா" என்றார் நாத்தனார். "என்னுதுல ஒரு வேர் தொட்டிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். நீ பூவை மட்டும் பார்த்திருக்கே. உங்க மாமாவும் அப்படித்தான்."

எங்களுக்குப் புரியவில்லை.

"அவர் வாங்கிக் கொடுத்தது முதல் வருசமே செத்துப்போச்சு. நான் கடைக்குப் போன நேரம் பார்த்து வேற ஒண்ணு வாங்கி அதே தொட்டியில வச்சிட்டார். அதுக்கப்புறம் ரெண்டு தடவை. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டார். நானும் கேக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனிதர் சாமி மாதிரி. பொய்யே பேசமாட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"அவர் போனதும் மாத்தி வைக்க ஆள் இல்ல" என்றார் நாத்தனார். "அதனால கடைசியா வச்சதை நானே சாகவிடாம பார்த்துக்கிட்டேன். அஞ்சு வருசம்."

இவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் திட்டவில்லை. டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாசியை விலக்கிப் பார்த்தார். வேர் எதுவும் வரவில்லை.

"இது பிழைக்கிறது கஷ்டம்" என்றார். "பரவால்ல. தாய்க்குக் குருத்து போனாலும் வேர் நல்லா இருந்தா அடியில இன்னொரு குட்டி விடும். ரெண்டு மூணு மாசம் ஆகும், ஆனா விடும். அந்தக் கட்டை எங்க?"

"தூக்கிப் போடலக்கா. பத்திரமா வச்சிருக்கேன்." இவர் குரலில் அன்றுதான் முதல்முறையாக உயிர் வந்தது. எழுந்து சமையலறைக்கு ஓடினார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விருந்தாளி வருகிறாரே என்று அன்று காலையில்தான் பாத்திரத் தொட்டிக்கு அடியில் துடைத்தேன். நாற்றமடித்த ஒரு பை இருந்தது. ஏழு மணிக்கு வந்த குப்பை வண்டியில் நானே போய்ப் போட்டேன். இந்த மனிதர் கண்டதையும் சேர்த்து வைக்கிறார் என்று அலுத்துக்கொண்டே போட்டேன்.

சமையலறையில் டப்பாக்களை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. அவர் சமையலறை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, அது வந்து... நான்தான் நேத்து மறதியா..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல அண்ணி" என்றேன். "நான்தான் போட்டேன்."