தொந்தி சும்மா இருப்பதில்லை

1. தாழ்ப்பாள்

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் மருத்துவமனை ஒன்றின் ஸ்கோப் அறையில் பல வருடங்கள் தாதியாக வேலை செய்தேன். கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் இடம் அது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், காலையில் வந்த முதல் நோயாளி உடை மாற்றும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

பெயர் முனியாண்டி. வீடு சுங்கை பினாங்கில். ஐம்பதை நெருங்கும் பஸ் டிரைவர். தொந்தி ஸ்டீரிங்கில் இடிக்கிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மலத்தில் இரத்தம் போனதை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு பூசிக்கொண்டிருந்தவரை, மனைவி லெட்சுமிதான் இழுத்து வந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல லா, மிஸ்ஸி. நான் வீட்டுக்குப் போறேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. தாதிகளை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏங்க, கதவத் தெறங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்றார் லெட்சுமி.

"அதுக்குத்தான் வேணாங்கறேன். எல்லாரும் பாப்பாங்க."

லெட்சுமியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் கதவருகில் நின்றேன். "அண்ணே, உள்ள டாக்டரும் நாங்க ரெண்டு மிஸ்ஸியும்தான். துணி போட்டு மூடித்தான் செய்வோம். ஊசி போட்டா தூக்கம் வந்துடும்."

தாழ்ப்பாளைத் திறக்காமலே மெதுவாகக் கேட்டார்: "இந்த கவுன் என் தொந்திக்குப் பத்தல, கட்ட முடியல. சிரிக்க மாட்டீங்களே?"

அவருடைய பயம் அதுதான். இன்னொரு கவுனைக் கதவிடுக்கில் நீட்டினேன். ஒன்றை முன்பக்கமும் ஒன்றைப் பின்பக்கமும் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

திரையில் கட்டி தெரிந்தது. புற்றுநோய்தான், ஆனால் வேறெங்கும் பரவவில்லை. வயிற்றுக்குள் கொழுப்பு நிறைந்திருந்ததால் அறுவை சிகிச்சை நீண்டது, தையல் ஆறவும் நாளானது. என்றாலும் பிழைத்துக்கொண்டார்.

2. தம்பி

வார்டில் எழுந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "நான் குடிக்கறதில்ல, சிகரெட் இல்ல. எனக்கு ஏன் வந்துச்சு?"

டாக்டர் லிம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மலாயில் விளக்கினார். அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"இதனாலதான் வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாதுண்ணே. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வருது. ஆனா வயித்துல சேர்ற கொழுப்பு சும்மா இருக்கறதில்ல. ரத்தத்துல இன்சுலினக் கூட்டுது, உடம்புக்குள்ள அழற்சிய உண்டாக்குது. அது குடல்ல இருக்கற செல்லுங்கள வளரத் தூண்டுது. அதனால ஆபத்து கூடுது. கூடப்பொறந்தவங்களுக்கு வந்திருந்தாலும் கூடும்."

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "என் தம்பி என்னைவிட குண்டு, மிஸ்ஸி."

தம்பி செல்வம் லாரி ஓட்டுபவர். வீடு திரும்பிய முனியாண்டி, உடம்பு தேறியதும் அவரைக் கையோடு கிளினிக்குக்கு அழைத்து வந்தார்.

"எனக்கு ரத்தமே போகல. நான் எதுக்குண்ணே?" என்று செல்வம் முரண்டு பிடித்தார்.

முனியாண்டி வரிசையில் இருந்தவர்களைப் பொருட்படுத்தாமல் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். "எனக்கு ரத்தம் போச்சு, தெரிஞ்சுகிட்டேன். உனக்கும் போகட்டும்னு காத்திருக்கப் போறியா?"

ஸ்கோப் விட்டுப் பார்த்தபோது செல்வத்தின் குடலில் ஒரு பாலிப் இருந்தது. புற்றாக மாறாத சிறு வளர்ச்சி. டாக்டர் அப்போதே கம்பிச் சுருக்குப் போட்டு அதை வெட்டி எடுத்துவிட்டார். வெளியே வந்து நான் விஷயத்தைச் சொன்னதும், தன் நோயைக் கேட்டபோது கலங்காத முனியாண்டி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அதன்பின் இருவரும் காலையில் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். லெட்சுமி வீட்டில் டீயில் சீனியைக் குறைத்தார். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் சோற்றை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. எடை மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் இறங்கியது. நான் ஓய்வு பெறும் வரை இருவரும் பரிசோதனைக்குத் தவறாமல் வந்தார்கள், ஒவ்வொரு முறையும் நல்ல செய்தியோடு போனார்கள்.

வேலைக்குப் புதிதாக வரும் தாதியரைப் பார்த்தால் இன்றும் நான் சொல்வது இதுதான்: எடையைப் பற்றி நோயாளியிடம் பேசத் தயங்காதீர்கள், கேலியாக மட்டும் பேசாதீர்கள். வெட்கப்பட்டுப் போனவர் திரும்பி வரமாட்டார். வராதவரை எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாது.