அத்தை விலக வேண்டும்

தும்மல் வந்தால் "தும்மறேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் செலுவநாராயணன் தும்முவார். நாற்காலியை விட்டு எழுவதென்றால் "எழுந்துக்கறேன்." பல வருஷம் கேட்டுப் பழகிய சக ஆசிரியர்கள், அவர் வாயைத் திறந்ததுமே தங்கள் காபி டம்ளரை நகர்த்திக்கொள்வார்கள்.

மைசூரில் ஒரு பெண்கள் பள்ளியின் டிரில் மாஸ்டர் அவர். 1962-ல் பத்து நாள் முகாமுக்குப் போய் சாஃப்ட்பால் கற்றுக்கொண்டு வந்ததிலிருந்துதான் இந்தப் பழக்கம். பந்து மேலே எழும்பினால், பிடிக்கப் போகிறவள் "என்னுது, விலகு" என்று கத்திச் சொல்ல வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். அவருடைய பெண்களோ கத்த மாட்டார்கள். இருவருக்கு நடுவில் பந்து சப்பென்று விழும். இருவரும் குனிந்து அதை மரியாதையாகப் பார்ப்பார்கள்.

தலைமை ஆசிரியை சொர்ணலதாவுக்கு அந்த மைதானத்தில் அவரைக்காய் பயிரிட வெகுநாள் ஆசை. தசராவுக்கு முந்திய பந்தயத்தில் தோற்றால் மறுநாளே மண்வெட்டியோடு ஆள் வரும் என்று சொல்லிவிட்டார்.

பெரிய ஓட்டை பின்வரிசையில்தான் இருந்தது. அங்கே ஸரஸாவும் லக்ஷ்மம்மாவும் நின்றார்கள். ஸரஸாவுக்குப் பதினாறு வயது, லக்ஷ்மம்மாவுக்குப் பதினாலு. ஆனால் லக்ஷ்மம்மா, ஸரஸாவின் அப்பாவுக்குக் கடைசித் தங்கை. முறைக்கு அத்தை. தெரியாமல் கால் பட்டாலும் விழுந்து சேவிக்க வேண்டிய வீடு அது.

"அத்தையைப் பார்த்து விலகுன்னு எப்படி சார் சொல்றது? ஆத்துல தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா" என்றாள் ஸரஸா.

"நீ சொல்லும்மா. ஒவ்வொரு தடவைக்கும் உனக்குப் பதிலா நானே அத்தையைச் சேவிச்சுடறேன்."

பெண்கள் சிரிப்பார்கள், அதோடு போய்விடும் என்று நினைத்தார். எல்லோரும் சிரித்தார்கள், லக்ஷ்மம்மாவைத் தவிர. அவள், தினமும் சேவிப்பீர்களா, மொத்தமாகவா என்று விசாரித்தாள். பந்தயம் முடிந்ததும் மொத்தமாக என்றார்.

அன்றிலிருந்து பந்து எந்தப் பக்கம் போனாலும் லக்ஷ்மம்மா ஓடிவந்து ஸரஸாவுக்குக் குறுக்கே நின்றாள். ஸரஸாவும் விலகச் சொல்லிச் சொல்லிக் கூச்சம் விட்டாள். பந்தயத்துக்கு முதல் நாள் கணக்கு நாற்பத்தொன்று.

பந்தயத்தில் எதிரணிக்குக் கடைசி ஆள் மட்டை பிடித்தாள். அவள் அவுட்டானால் ஜெயம். பந்து தரையில் விழுந்தால் அவரைக்காய். பந்து பின்வரிசைக்கு மேலே எழும்பியது.

"என்னுது! அத்தை, விலகுங்கோ!"

லக்ஷ்மம்மா அசையவில்லை. கோட்டுக்கு வெளியே நின்றவரைத் திரும்பிப் பார்த்து, "இதுக்குப் பத்து, சார்" என்றாள்.

"பத்து!" என்று செலுவநாராயணன் அலறியது பக்கத்துத் தெரு வரை கேட்டது. அவள் ஓரடி நகர்ந்தாள். பந்து ஸரஸாவின் கையில் விழுந்தது. சொர்ணலதா கடைசிவரை அவரைக்காயை மார்க்கெட்டில்தான் வாங்கினார்.

வாக்குத் தவறக் கூடாதென்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை செலுவநாராயணன் குளித்து, வெளுத்த வேஷ்டி கட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். கூடத்தில் லக்ஷ்மம்மா மணையைப் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவர் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிய நேரத்தில் அவளுடைய அப்பா உள்ளேயிருந்து வந்தார். வாத்தியார் நிற்கிறார், மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவருக்கு வந்ததே கோபம்.

"எழுந்து சாரைச் சேவி."

வேறு வழியில்லாமல் அவள் விழுந்து சேவித்தாள். எழும்போது அவருக்கு மட்டும் கேட்கும்படி, "இதையும் சேத்துக்கோங்கோ, சார்" என்றாள்.

பிறகு அவரைச் சிவமொக்காவுக்கு மாற்றிவிட்டார்கள். ஐம்பத்திரண்டும் பாக்கி.