நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள்

ஆலங்காயத்தில் ஒரு பார்சல் கம்பெனியில் ஒன்பது வருஷம் வேன் ஓட்டினேன். ஆலங்காயத்திலிருந்து காவலூர், அதைத் தாண்டி மலையூர்கள். எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "இனிமே நீதான் இங்க மேனேஜர். ஒரு வாரம் உக்காந்து பாரு, சனிக்கெழம பதில் சொல்லு" என்றார். வேனை ஓட்ட என் மனைவியின் தம்பியைப் போட்டார். அவன் அதுவரை சமதரையான வாணியம்பாடி ரோட்டில் மட்டும் ஓட்டியவன்.

முதல் நாளே மழை. காவலூர் வானாராய்ச்சிக்கூடத்துக்குப் போகவேண்டிய ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே கண்ணாடி. அன்றைக்கே வேண்டுமென்று இரண்டு முறை போன் வந்துவிட்டது. மச்சான் வாசலில் நின்றான்.

"இன்னா மாமா, போவட்டுமா?"

முதலாளி பக்கத்து மேஜையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவா போ" என்றேன்.

முக்கால் மணி நேரத்தில் காவலூர் போய்விடலாம். ஒன்றரை மணி நேரம் ஆகியும் தகவல் இல்லை. காவலூர் தபாலாபீசுக்கு போன் போட்டேன். "வண்டி வரலீங்க. கீழ எங்கயோ மண்ணு சரிஞ்சிருக்குன்னு சொல்றாங்க" என்றார் அங்கிருந்தவர்.

நான் எழுந்து சைக்கிளை எடுக்கப் போனேன்.

"நீ எங்க போற? நீ போய்ட்டா போன யாரு எடுப்பாங்க?" என்றார் முதலாளி. குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். எந்த வளைவில் தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடும், எங்கே பிரேக் பிடிக்கக் கூடாது என்று எல்லாம் எனக்குத் தெரியும். அதில் ஒன்றைக்கூட அவனுக்குச் சொல்லாமல் அனுப்பியிருந்தேன். போன் மணி அடித்தபோதெல்லாம் பாய்ந்து எடுத்தேன். ஒருமுறை, பெட்டி ஏன் இன்னும் வரவில்லை என்று வானாராய்ச்சிக்கூடத்திலிருந்து கேட்டார்கள். இன்னொரு முறை, தவறிப்போய் வந்த அழைப்பு.

நாலு மணிக்கு வேன் வந்து நின்றது. முன்கண்ணாடி முழுக்கச் சேறு, ஒரு பக்கத்து விளக்கு நொறுங்கியிருந்தது. பெட்டி அப்படியே உள்ளே இருந்தது. மச்சானுக்கு அடி எதுவுமில்லை, உதடு மட்டும் வெளுத்திருந்தது. சரிந்த மண்ணுக்கு ஒதுங்கியதில் பின்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கிவிட்டதாம். மேலிருந்து வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வேனை ரோட்டுக்குத் தள்ளி ஏற்றிவிட்டார்களாம்.

"நீங்க ஓட்டியிருந்தா போயிருப்பீங்களா மாமா?"

"இல்ல. மொத வளைவுலயே திருப்பியிருப்பேன்."

"அப்ப என்ன ஏன் அனுப்ச்சீங்க?"

முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அனுப்பினேன். அதைச் சொல்லாமல் பெட்டியை இறக்கப் போனேன்.

சனிக்கிழமை முதலாளியிடம் போய், "மழை நாள்ல மேல போறதா வேணாமான்னு டிரைவர்தான் சொல்லணும். நானும் சொல்லக்கூடாது, நீங்களும் சொல்லக்கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா உக்கார்றேன், இல்லன்னா சாவியக் குடுங்க, நான் வேனுக்கே போய்டறேன்" என்றேன்.  அவர், "காவலூர்க்காரங்க கத்துனா நீயே பேசிக்கோ" என்றார்.

அப்படித்தான் மேனேஜர் ஆனேன். காவலூரிலிருந்து பலமுறை கத்தினார்கள், நானே பேசிக்கொண்டேன். மச்சான் மறுபடியும் வாணியம்பாடி ரோட்டையே கேட்டான். மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். என்னிடம் மட்டும் மூன்று மாதம் பேசவில்லை.