கிணற்றடியில் கிடைத்த பச்சைத் துண்டு

1. சீரியலில் மூத்த மகள் கல்யாணத்தன்று விடியற்காலையில் காணாமல் போனாள். கிணற்றடியில் ஒரு பச்சைத் துணித்துண்டு கிடைத்தது.

2. அது யாருடைய சட்டையில் கிழிந்தது என்று கண்டுபிடிக்க, எங்கள் கம்பெனி வேனில் வரும் பதினொரு பேர் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம்.

3. செக்கிங் டேபிளில் வேலை செய்யும் அக்கா, அது பெண்ணின் அப்பா போட்டிருந்த டி-ஷர்ட் என்றார்.

4. நான் இல்லை என்றேன். காரணத்தோடு சொன்னேன்.

5. குழுவில் எல்லோரும் என் பக்கம் நின்றார்கள். அக்கா குழுவை விட்டு வெளியேறினார்.

6. குறை அவர் கண்ணில் பட்டும் என்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு லாட் சரக்கு பேக்கிங் வரை போனது.

7. பிறகு, அது அப்பாவின் டி-ஷர்ட்தான் என்று சீரியலே காட்டியது.

ஆறாவதுதான் எனக்கு முக்கியம். மற்றவற்றைச் சொல்லாமல் அதை மட்டும் விளக்க முடியுமா என்று முயன்று பார்த்தேன், முடியவில்லை.

நான் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் லேப் பார்க்கிறேன். டெக்ஸ்டைல் படித்தவள். டையிங்கிலிருந்து வரும் துணியின் நிறம், வாங்குபவர் ஒப்புக்கொண்ட சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று சொல்வது என் வேலை. அதற்கு லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே சாம்பல் நிறம் பூசி, பகல் வெளிச்சத்துக்கு ஒன்று, கடை வெளிச்சத்துக்கு ஒன்று, வீட்டு மஞ்சள் வெளிச்சத்துக்கு ஒன்று என்று தனித்தனி விளக்குகள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் இன்னொரு விளக்கில் வேறாகத் தெரியும். ஒரே துணியும் இரண்டு வெளிச்சத்தில் இரண்டு நிறம் காட்டும். இது கல்லூரியில் முதல் வருடப் பாடம். ஜன்னலோரத்தில் வைத்து நிறம் பார்க்கக் கூடாது, டியூப் லைட்டில் பார்க்கக் கூடாது. போன் திரையைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை, அந்த அளவு முட்டாள்தனத்தை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அக்கா என்று நான் சொல்பவர் தாராபுரம் பக்கத்துக்காரர். நல்லூரில் என் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறார், இருவரும் ஒரே இடத்தில்தான் வேன் ஏறுவோம். பதினாறு வருடமாகச் செக்கிங். தைத்து வரும் பீஸை விரித்து, புரட்டி, ஓட்டையோ கறையோ விட்ட தையலோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அதுதான் அவர் வேலை. நிறம் பார்ப்பது அவர் வேலையே இல்லை. ஆனாலும் சந்தேகம் வந்தால் சூப்பர்வைசருக்குத் தெரிவதற்கு முன்பே இரண்டு பீஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு லேப் கதவில் வந்து நிற்பார். "கண்ணு, இதை ஒருக்கா உங்க பொட்டியில வெச்சுப் பாருங்க." இரண்டு வருடத்தில் இரண்டு தடவைதான் அவர் சந்தேகம் தவறாகப் போனது. மற்றதையெல்லாம் என் கண்டுபிடிப்பாக ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன். கண்டுபிடித்தவர் யார் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை என்பது என் சமாதானம்.

சீரியல் ஓடும் நேரத்தில் நாங்கள் கம்பெனியில் இருப்போம். அதனால் மறுநாள் காலையில், வேனில், டிரைவர் சீட்டின் பின்பக்கம் ஒரு போனைச் செருகி வைத்துப் பார்ப்போம். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் போன் விழும். கதையின் முக்கியமான இடங்களில் பாதியை இப்படித்தான் தவறவிட்டிருக்கிறோம், விட்ட இடத்தை ஊகத்தால் நிரப்பியிருக்கிறோம். தாய்மாமனாக நடித்தவர் திடீரென்று மாறியபோது, முகமாற்று ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருக்கிறான் என்று மூன்று நாள் பேசினார்கள். 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்துப் போட்டதை யாரும் பொருட்படுத்தவில்லை.

நான் பட்டியல் போட்டேன். சந்தேகப்படும் ஆள், காரணம், அன்று காலை எங்கே இருந்தார், என்ன உடை. வேனில் அதற்கு ரிப்போர்ட் என்று பெயர். தினமும் ஏறியதும் யாராவது இன்றைக்கு ரிப்போர்ட்டில் முதலிடம் யாருக்கு என்று கேட்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அக்கா சொன்னதாகப் பட்டியலில் எதுவும் இல்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசாமல் பார்ப்பார். ஒருநாள் துண்டை அருகில் காட்டியபோது நிறுத்தச் சொன்னார்.

"அந்த ஓரத்தைப் பாருங்க. கீழ்மடிப்பு அடிக்கிற பேட்லாக்குல ரெண்டு தையல் விட்டிருக்குதுங்க. முந்தின ராத்திரி அந்த அப்பன் வேட்டி மடிச்சுக் கட்டுறப்போ சட்டையக் காமிச்சாங்கள்ல, அதுலயும் அதே எடத்துல ரெண்டு தையல் இல்லைங்க. அப்பன்தானுங்க கிணத்தடிக்குப் போனது."

அந்த அப்பாவாக நடிப்பவரை எல்லோருக்கும் பிடிக்கும். மகளுக்குச் சோறு ஊட்டுகிற அப்பா அவர். பேக்கிங்கில் இருக்கும் மதுரைக்காரப் பெண் முதலில் சிரித்தாள். "பீஸு பாத்துப் பாத்து அக்காவுக்கு இப்ப மனுசங்க எல்லாருமே டேமேஜாத்தான் தெரியுறாக."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு காட்சிகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, துணியை மட்டும் வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவில் போட்டேன். 'துண்டு நீலம் கலந்த பச்சை. அப்பா சட்டை மஞ்சள் கலந்த பச்சை. ஒரே துணி இல்லை. ரிஜெக்ட்.' கடைசி வார்த்தை வேடிக்கைக்காகப் போட்டது. வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. அன்று பதினொரு மணி டீக்கு அக்கா எழுந்து போனபோது அவர் முதுகில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. யார் ஒட்டியது என்று தெரியாது. டீ டிரம் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் ஸ்டிக்கரை உரித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"பொட்டியில வெச்சா பாத்தீங்க?"

டிவி நாடகத்துக்கெல்லாம் பெட்டி எதற்கு, எனக்குப் பார்த்தாலே தெரியும் என்றேன்.

"செரிங்க மேடம்" என்றார். அதுவரை என்னை அவர் மேடம் என்று கூப்பிட்டதில்லை.

அந்த மாதம் ஒரு கருநீல ஆர்டர் ஓடியது, குழந்தைகள் டி-ஷர்ட். உடம்புத் துணியும் காலருக்கான ரிப் துணியும் தனித்தனியாகச் சாயம் போட்டு வந்தவை. முதலில் வந்ததை மூன்று விளக்கிலும் பார்த்து பாஸ் செய்தேன். கடைசியில் தனியாக வந்த ரிப்பை, கட்டிங்கில் அவசரப்படுத்தியதால், பகல் விளக்கில் மட்டும் பார்த்தேன். நன்றாகவே பொருந்தியது. இது என் தவறு, இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. பீஸ்கள் தைத்து, அக்காவின் டேபிளைத் தாண்டி, பேக்கிங் பெட்டிகளுக்குள் போயின. வாங்குபவர் தரப்பு ஆள் வந்து ஒரு பெட்டியைத் திறந்து, கடை விளக்கில் பிடித்துப் பார்த்தார். காலர் மட்டும் செம்மை அடித்தது.

எல்லாப் பெட்டிகளையும் பிரித்தோம். நான் அக்காவின் டேபிளுக்குப் போய், உங்களிடம் வந்தபோது இது தெரியவில்லையா என்று கேட்டேன். அவர் கையில் இருந்த பீஸை மடித்து வைத்த பிறகுதான் பேசினார்.

"தெரிஞ்சுதுங்க மேடம். ஷேடு பாக்குறது உங்க வேலைங்களே. என் பார்வை செல்லாதுன்னு நீங்கதானுங்க அத்தன பேருக்கும் போட்டு உட்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாடகத்துக்காக இத்தனை பீஸை விடுவதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை, ஏனென்றால் அவர் எந்த விதியையும் மீறவில்லை. அவர் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர்களையெல்லாம் சரியாக ஒட்டியிருந்தார். இரண்டு வருடமாக அவர் எனக்குச் செய்துகொண்டிருந்தது வேலை அல்ல, உபகாரம். அதை நிறுத்தியதற்கு விளக்கம் கேட்க எனக்கு உரிமை இல்லை.

ரிப்போர்ட்டில் தவறு லேப்புடையது என்று எழுதினேன். மேனேஜரிடம் நேரில் போய், இதற்கு முன் நான் பிடித்ததாக எழுதியவற்றில் பெரும்பாலானவை அந்த அக்கா பிடித்தவை என்றும் சொன்னேன். மேனேஜர் அதை இந்த லாட்டோடு குழப்ப வேண்டாம் என்றார்.

அடுத்த வாரம் சீரியலில் உண்மை வந்தது. மகளுக்கு அந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்று தெரிந்து, அப்பாவே அவளைக் கிணற்றுப் பக்கமாக வெளியே அனுப்பியிருக்கிறார். கம்பி வேலியில் மாட்டி டி-ஷர்ட்டின் ஓரம் கிழிகிறது. துண்டு கிடைத்தது வெயிலில். அப்பாவை நாங்கள் பார்த்தது முந்தின இரவு, கல்யாண வீட்டு மஞ்சள் விளக்கில். ஒரே துணி. வேனில் மதுரைக்காரப் பெண், "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்" என்றாள். டிரைவருக்கும் அப்போதே சந்தேகம் இருந்திருக்கிறது. நெருப்பெரிச்சல் வருவதற்குள் ஏழு பேர் அதை முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். முதலில் சொன்னவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது அவரிடம், நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். வெளிச்சத்தைப் பற்றியும் விளக்கினேன்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? அங்க சொன்னீங்கள்ல, அங்கயே சொல்லுங்க."

அன்று டீ நேரத்தில் குழுவில் எழுதினேன். என்ன தவறு, ஏன் தவறு, யார் சரி என்று எண் போட்டு ஆறு வரி. இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. அதற்கடுத்த செய்தி, அதை விடுங்க மேடம், அந்தப் பொண்ணைப் பஸ் ஸ்டாண்டுல இருந்து கூட்டிட்டுப் போனவன் யாரு, ரிப்போர்ட் போடுங்க. அதன் கீழே இருபது ஊகங்கள். என் ஆறு வரி மேலே போய்விட்டது. அக்காவோ குழுவில் இல்லை, அவர் அதைப் படித்திருக்க வழியில்லை. போனை நீட்டிக் காட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். செக்கிங் டேபிளில் கண்ணாடி போடாமல்தான் வேலை செய்கிறார்.

இப்போதைய நிலை இது. அந்த லாட்டுக்குக் காலர் மாற்றித் தைத்து அனுப்பிவிட்டோம். பஸ் ஸ்டாண்டு ஆள் யாரென்று இன்னும் தெரியவில்லை, நான் பட்டியல் போடுவதில்லை. ரிப்போர்ட் படிவத்தில் கண்டுபிடித்தவர் என்று ஒரு கட்டம் சேர்க்கக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. புது லாட் ஏறும் நாட்களில் நான் அக்காவின் டேபிளுக்குப் போய் நின்று, இது எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். கேட்ட பீஸுக்குப் பதில் சொல்கிறார். கேட்காத பீஸைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.