பச்சை உடம்புக்கு வெந்நீர்

திண்டிவனத்தில் சவுரிராயன் வீட்டு மாடியில் இருக்கும் சோலார் ஹீட்டர், ஆறு பேர் குளிக்கப் போட்டது. கண்ணாடிக் குழாய் வரிசையும் அதன் தலைமாட்டில் பெரிய உருளைத் தொட்டியுமாக மகன்தான் வைத்துக் கொடுத்தான். பிறகு பெண்டாட்டி பிள்ளைகளோடு மஸ்கட் போய்விட்டான். சவுரிராயனின் மனைவி பிலோமினா கல்லறைக்குப் போய்விட்டாள். வெயிலுக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு ஆறு பேருக்குக் காய்ச்சியது.

மதியமானால் தொட்டி கொதித்து, ஆவிக்குழாய் உஸ்ஸென்று சத்தம் போடும். அந்த வீட்டில் அதிகம் பேசியது அதுதான். விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டராகக் காலமெல்லாம் கூட்டத்துக்குள் நீந்தியவர், இப்போது ஒரு பக்கெட்டில் குளித்துவிட்டு மிச்சத்தைச் சாக்கடையில் திறந்துவிடுவார்.

ஒருநாள் சாக்கடையில் ஆவி பறப்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டு பிரபாவதி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏண்ணே, சாக்கடைக்குக் குளுருதா? வெந்நிய ஊத்திக்கினு கீறீங்க?"

"வேற யாருக்கும்மா ஊத்துறது?"

"எங்க கலைப்பிரியா பச்ச ஒடம்பா வூட்ல கீறா. அவளுக்கும் கொழந்தைக்கும் காய்ச்சியே சிலிண்டர் தீர்ந்து போவுது."

"அத சொல்லிக்கினு நிக்கறியே, பக்கெட்ட எடுத்துக்கினு வா."

மறுநாள் காலையிலிருந்து இரண்டு பக்கெட்டோடு பின்பக்கக் குழாயடிக்கு வந்துவிடுவாள். அவர் சட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பார். பஸ்ஸைக் கிளப்புவதுபோல் "ரைட்" என்று குழாயைத் திறப்பார். நிரம்பியதும் பஸ்ஸை நிறுத்துவதுபோல் "ஹோல்டான்" என்பார். பிரபாவதி ஒவ்வொரு நாளும் சிரிப்பாள். பக்கெட் நிரம்பும் நேரத்துக்குள் குழந்தையின் வயிற்றுவலி, சம்பந்தியம்மாவின் வீறாப்பு எல்லாம் வந்துவிடும். அந்தப் பேச்சை அவர் பகல் முழுக்க வைத்துக்கொண்டிருப்பார்.

வைகாசியில் மோட்டார் கெட்டது. மேல்தொட்டி வறண்டு, அதோடு சோலாரும் வறண்டது. மெக்கானிக் சரிசெய்து கொடுக்கும்போது உச்சிவெயில். வெறும் குழாய் வெயிலில் காயும்போது தண்ணீர் ஏற்றக் கூடாது, சாயங்காலம்தான் ஏற்ற வேண்டும் என்று சோலார் மாட்டியவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சாயங்காலம் ஏற்றினால் காலையில் பச்சைத்தண்ணிதான் வரும். பிரபாவதி வெறும் பக்கெட்டோடு திரும்ப வேண்டும். சவுரிராயன் சுவிட்சைப் போட்டார்.

மாடியில் படபடவென்று கண்ணாடி வெடித்தது.

மறுநாள் விடிவதற்குள் அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சி, பக்கெட்டில் ஊற்றிக் குழாயடியில் தயாராக வைத்துவிட்டார். "நேரமாவுதேன்னு புடிச்சி வெச்சிட்டேன்" என்றார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் பிரபாவதி பக்கெட்டைத் தூக்காமல் நின்றாள்.

"இன்னாண்ணே, இப்பல்லாம் ரைட்டும் இல்ல, ஹோல்டானும் இல்ல?"

அவர் பக்கெட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"துணி காயப்போட மாடிக்குப் போனேன். உங்க சோலாரு ஒடைஞ்சி கெடக்குது. காஸ்லயா காய்ச்சினீங்க?"

"ஆமாம்மா."

"காஸ் எங்க வூட்லயும் கீதுண்ணே. இந்த வயசுல அண்டாவத் தூக்கிக்கினு… மேல ஊத்திக்கினா யாரு பாக்கறது?"

கோபம் எதுவும் இல்லை. இருந்த தண்ணீரை எடுத்துக்கொண்டுதான் போனாள். மறுநாள் வரவில்லை. வருவதற்குக் காரணமும் இல்லை.

விழுப்புரத்திலிருந்து சோலார் பழுதுபார்க்கும் மணிமாறன் புதுக் குழாய்களோடு வந்து சேர்வதற்குள், கலைப்பிரியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளியனூருக்குப் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கேட்டருகே நின்று குழந்தையைக் காட்டினாள். அது அவரைப் பார்க்காமல் கொட்டாவி விட்டது. அவர் ஊற்றிய தண்ணீரில் குளித்த உடம்பு, நன்றாகத்தான் தேறியிருந்தது.

மணிமாறன் எல்லாக் குழாயையும் மாட்டிவிட்டுக் கேட்டான். "ஒத்த ஆளுக்கு எதுக்கு சார் இத்தினி? பாதிய சாக்கு போட்டு மூடிடறேன். கொதிக்காது."

"மூடாத."

"யார்னா வராங்களா?"

"அந்தப் பொண்ணுக்கு இன்னொண்ணு பொறக்காமயா போயிடும்?"

எந்தப் பொண்ணு என்று மணிமாறனுக்குத் தெரியவில்லை. சாக்கைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை சவுரிராயன் தன் பக்கெட்டைக் குழாயடியில் வைத்தார். நிரம்பியது. "ஹோல்டான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. குழாயை மூடினார். மதிலுக்கு அந்தப் பக்கம் பிரபாவதியின் குக்கர் இரண்டு விசில் அடித்தது. இரண்டு விசிலுக்கு, பஸ்ஸாக இருந்தால் இந்நேரம் கிளம்பியிருக்கும்.