மூன்று முறை இழுப்பவர்

அலுவலகத்தின் ஆவண அறைக்கு அவர்தான் பொறுப்பு. எதைப் பூட்டினாலும் மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டார். இருபது வருடமாக இப்படி இழுபட்ட வீட்டு வாசல் பூட்டு, போன வாரம் ‘ஆளை விடு சாமி’ என்று கையோடு கழன்று வந்துவிட்டது.

“அது தானா உடையல. நீங்க இழுத்தே கொன்னுட்டீங்க. தச்சரையாவது கூப்பிடுங்க,” என்றாள் மனைவி.

“கண்டவன் கையில பூட்டைக் கொடுக்கிறதும் வீட்டைக் கொடுக்கிறதும் ஒண்ணு.”

கடையில் இருந்ததிலேயே கனமான பூட்டை வாங்கி வந்தார். ஒரு பக்கம் சாவித் துளை, மறுபக்கம் சாவியில்லாமலே திருகிப் பூட்டவும் திறக்கவும் ஒரு குமிழ். கூடவே வந்த விளக்கத் தாளை அவர் பிரிக்கவே இல்லை. பூட்டைப் பற்றி அவருக்கே பாடமா?

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திருப்புளியோடு மல்லுக்கட்டினார். மாலையில் வெளியே போய்க் கதவைச் சாத்தி, குமிழைத் திருகிப் பூட்டினார். மூன்று முறை இழுத்தார். இம்மியும் அசையவில்லை.

“கோட்டை மாதிரி இருக்கு பாத்தியா!” என்றார்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “கோட்டைதாங்க. ஆனா சாவித் துளை என் பக்கம் இருக்கு. இனிமே திருடன் சும்மா திருகிட்டு வந்துடுவான். நமக்குத்தான் வெளிய போக சாவி வேணும்.”

அவர் தெருவில் போகிறவர்கள் பார்க்காதபடி உடம்பால் குமிழை மறைத்துக்கொண்டு, நான்காவது முறையாக இழுத்துப் பார்த்தார்.

பூட்டு என்னவோ கெட்டியாகத்தான் இருந்தது.