காற்றுக்குழாய்களின் மேல் போட்ட பழி

நகரத்துக்கு வெளியே புரோசார்டில் வீடு வாங்கும்வரை காற்றுக்குழாய் என்ற ஒன்றைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அதற்கு முன் இருந்த கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடியில் சுவரோரமாக மின்சூடாக்கி ஓடும், அவ்வளவுதான். புது வீட்டில் பேஸ்மென்டில் பெரிய ஃபர்னஸ் ஒன்று நின்றது. அது காற்றைச் சூடாக்கித் தகரக் குழாய்கள் வழியாக அறைகளுக்கு அனுப்பும். பிறகு அதே காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இதை என் கணவர் கைகளை அசைத்து விளக்கியபோது, வீடு முழுவதும் ஒரே மூச்சு விடுவதுபோல் எனக்குப் பட்டது. பிடித்தும் இருந்தது.

அந்த முதல் குளிர்காலத்தில்தான் மகளுக்கு இழுப்புத் தொடங்கியது. இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் மருத்துவர் ஆஸ்துமா என்றார். மூச்சுக்குள் உறிஞ்சுகிற பம்ப் ஒன்று எழுதித் தந்தார். தூசு, கடும் மணங்கள், எல்லாவற்றையும்விட சிகரெட் புகை, இவை பிள்ளைக்குக் கிட்ட வரக் கூடாது என்றார்.

என் கணவர் கல்யாணத்துக்கு முன்பே சிகரெட் பத்துகிறவர். அடுக்குமாடியில் இருந்தபோது பால்கனியில் நின்று பத்துவார். அன்று கிளினிக்கால் வந்த கையோடு, எங்கள் இருவருக்கும் முன்னால் பெட்டியைக் கசக்கிக் குப்பையில் போட்டார். "இண்டையோட சரி" என்றார். அன்று அவர்மேல் எனக்கு வந்த மதிப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருகோணமலையில் இருந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து அதைப் பெருமையாகச் சொன்னேன்.

ஆனால் இழுப்பு நிற்கவில்லை. அடுத்த சந்தேகம் என் அடுப்படிமேல் விழுந்தது.

நான் வாரநாட்களில் வேலைக்குப் போய், வார இறுதிகளில் ஓடர் எடுத்து ரோல்ஸ், பற்றீஸ், கட்லட் செய்துகொண்டிருந்தேன். பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளானால் வைக்கிற சாமத்தியவீடு என்று யாராவது கேட்டபடி இருப்பார்கள். அந்த வீட்டை நான் விரும்பியதே அதன் குசினிக்காகத்தான். அகலமான மேசை, நல்ல வெளிச்சம். இந்த நாட்டில் நானாகத் தொடங்கிய ஒரே விஷயம் அந்தத் தொழில். மற்றதெல்லாம் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவை.

"எண்ணெய்ப் புகை முழுக்கக் குழாய்க்குள்ளை போய் ஒட்டுது," என்றார் அவர் ஒரு நாள். "பேந்து அதுதானே பிள்ளையின்ரை அறைக்கும் வருது."

அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? பிள்ளையின் மூச்சு. நிறுத்திவிட்டேன். லவாலில் இருக்கிற தெரிந்த அக்கா ஒருவர் தன் மகளின் சாமத்தியவீட்டுக்கு என்னிடம்தான் சொல்லி வைத்திருந்தா. அவவுக்குப் போன் எடுத்து ஏலாது என்றேன். "உம்மை நம்பியல்லோ இருந்தனான்," என்றா.

அதற்குப் பிறகு பொரிக்கிற சட்டி அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் நின்றது. கம்பளங்களைச் சுருட்டி வெளியே வைத்தேன். ஒரு நாள் இரண்டு அப்பளம் பொரித்தேன். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, என்னுடைய எண்ணெயால்தான் தனக்கு இருமல் வருகிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த பாடத்தை ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். அவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவது குளிர்காலம் வந்தது. அப்போதுதான் குழாய்களை ஆள்வைத்துச் சுத்தம் செய்விப்போம் என்று அவர் தொடங்கினார். எனக்கு அரைமனம். வாசித்துப் பார்த்ததில், பூஞ்சணமோ எலியோ இல்லாத வீட்டுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை, ஃபர்னஸில் காற்றை வடிகட்டுகிற பில்டரை ஒழுங்காக மாற்றினால் போதும் என்று இருந்தது. என்னோடு வேலை செய்கிற பெண்ணொருத்தி, கிளறிவிட்டால் உள்ளே கிடக்கிற தூசும் எழும்பும் என்று பயமுறுத்தினாள்.

"செய்து பாப்பம்," என்றார் அவர். "உம்மடை எண்ணெய் இன்னும் உள்ளுக்கைதானே கிடக்கும். அதையும் கழுவினால் பிள்ளைக்குச் சுகம்."

தகப்பனின் கவலை என்றுதான் எடுத்துக்கொண்டேன். விடாமல் யோசிக்கிறாரே என்று மனம் இளகியது.

எனக்கு வேலை இல்லாத ஒரு நாளில் குழாய் துப்புரவு செய்கிற இடமொன்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். பேசியவன் வரிசையாகக் கேள்வி கேட்டான். வீட்டில் நாய் பூனை உண்டா, சுவர் இடித்துத் திருத்தவேலை செய்தீர்களா, யாராவது புகைப்பார்களா?

"நோன், மெஸ்யூ," என்று எல்லாவற்றுக்கும் இல்லை சொன்னேன். அதோடு விடாமல், என் கணவர் பிள்ளைக்காக சிகரெட்டை விட்டுவிட்டார் என்றும் சொன்னேன். "பிராவோ," என்றான் அவன். பிறகு, பில்டரை ஒருக்கால் கழற்றிப் பார்த்து நிலைமையைச் சொல்ல முடியுமா என்று கேட்டான்.

பில்டர் மாற்றுவது எப்போதும் என் கணவரின் வேலை. நான் தொட்டதில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீழே போனேன். ஃபர்னஸின் பக்கவாட்டில் இருந்த மூடியைத் திறந்து இழுத்தேன். மண்நிறத்துக்கு மாறிய அட்டைச் சட்டம் கையோடு வந்தது. தூசு மணத்தை எதிர்பார்த்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

அது தூசு மணம் இல்லை. முந்தி அடுக்குமாடியில் பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வரும்போது சட்டையோடு வருகிற மணம்.

ஃபர்னஸுக்கும் சுவருக்கும் நடுவில் மடிப்புக் கதிரை ஒன்று விரித்தபடி கிடந்தது. அதற்குப் பின்னால் ஒரு கோப்பித் தகரம். பாதிக்குத் தண்ணீர், அதில் ஊறிய சிகரெட் கட்டைகள். கதிரைக்கு மேலே, வீட்டுக் காற்றைத் திரும்ப இழுக்கிற கம்பி வலை. அங்கே இருந்து விடுகிற புகை நேரே அதற்குள் போகும், பிறகு மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற துவாரத்தால் வெளியே வரும்.

பிறகு எடுக்கிறேன் என்று அந்த மனிதனிடம் சொல்லிவிட்டு, அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.

பின்னேரம் அவர் வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பில்டர் பாத்தனான்," என்றேன்.

"என்ன, நல்ல ஊத்தையோ?"

"சிகரெட் மணக்குது. தகரத்தையும் கண்டனான்."

இரண்டாவது சப்பாத்தைக் கழற்ற அவருக்குக் கனநேரம் எடுத்தது.

"ஒண்டு ரெண்டுதான்," என்றார். "வெளியில நிக்கேலாத குளிருக்கு மட்டும்."

"எப்ப தொடங்கினனீங்கள்?"

"கொஞ்ச நாள் விட்டுத்தான் இருந்தனான்."

"அப்ப நான் ஓடரெல்லாம் வேண்டாமெண்டு சொல்லேக்கை, நீங்கள் கீழை பத்திக்கொண்டிருந்தனீங்கள்."

"எண்ணெய்ப் புகையும் பிள்ளைக்குக் கூடாதுதானே."

"அதைக் கேக்கேல்லை. எனக்கேன் சொல்லேல்லை?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சனி ஞாயிறு வந்தால் நீர் குசினிக்குள்ளைதான். வீட்டில ஒரு மனுசன் இருக்கிறான் எண்ட நினைப்பே உமக்கு இல்லை. ஓடர் நிண்டது ஒருவகையில நல்லதெண்டு நினைச்சன்."

சிகரெட்டை நான் மன்னித்திருப்பேன். விட முடியாமல் எத்தனையோ பேர் தவிக்கிறார்கள். பேஸ்மென்டில் ஒளித்திருந்து பத்துகிற ஒருவரைப் பார்த்து இரக்கம்கூட வந்திருக்கும். ஆனால் அவர் தன் புகையை என் எண்ணெயின் தலையில் கட்டியதும், அப்படிக் கட்டியது தனக்கு வசதியாய் இருந்ததென்று வாயால் சொன்னதும் வேறு விஷயம். பிள்ளை என்னைக் குற்றவாளியாக்கிய அன்று வாய் திறக்காமல் இருந்தாரே, அது இன்னும் வேறு.

"பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கோ," என்றேன். அது ஒன்றைத்தான் அவரிடம் கேட்டேன்.

அடுத்த நாள் காலையில் பாண் சாப்பிடும்போது சொன்னார். அம்மாவின்ரை சமையலாலை இல்லை, அப்பாதான் கீழை சிகரெட் பத்தினது என்று அரைகுறையாக. மகள் அவரையே பார்த்தாள்.

"வீட்டுக்குள்ளையோ?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் தலையாட்டினார். அவள் பாணை வைத்துவிட்டு எழும்பிப் பள்ளிக்கூடப் பையை எடுத்தாள். அன்று அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

குழாய்களைக் கடைசியில் சுத்தம் செய்வித்தேன். தேவையா இல்லையா என்ற யோசனை போய்விட்டது. அவர் ஊதியது அந்தத் தகரங்களில் படிந்து கிடக்க, அதைச் சுவாசித்துக்கொண்டு படுக்க எனக்கு விருப்பமில்லை. வந்தவர்கள் தடித்த குழாயைப் பொருத்தி, வீடு அதிர அதிர உறிஞ்சினார்கள். என் கணவர் அன்று முழுக்க வெளியில் பனி தள்ளிக்கொண்டு நின்றார்.

மகளுக்கு இப்போது இழுப்புக் குறைவு. வளர வளர சில பிள்ளைகளுக்கு அப்படிக் குறையும் என்றும் மருத்துவர் சொன்னார். எதனால் என்று யாருக்கும் தெரியாது. நான் திரும்பவும் ஓடர் எடுக்கத் தொடங்கி, முதலில் லவால் அக்காவுக்குத்தான் சொன்னேன். அவ வேறு ஓர் ஆளைப் பிடித்துவிட்டா. "குறை நினையாதையும் பிள்ளை, அவவும் நல்லாச் செய்யிறா," என்றா. புதிதாய் ஓரிருவர் வருகிறார்கள். முந்தியைப்போல் இல்லை.

அவர் முழுக்க விட்டுவிட்டேன் என்கிறார். உண்மையாகவும் இருக்கலாம். உடுப்புத் தோய்க்கப் போடும்போது அவருடைய சட்டையை மணந்து பார்க்கிறேன். அப்படிப் பார்க்கிற ஒருத்தியாக என்னை ஆக்கிவிட்டாரே என்பதுதான் இப்போது எனக்குள்ள கோபம். நாளைக்கு மழையாம் என்று அவர் சொன்னால்கூட, ஓம் என்றுவிட்டு, பிறகு போனை எடுத்து நானே பார்க்கிறேன்.